நாலு ஆயுதங்களும் ஒரு பூசணிக்காயும்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் இரண்டு காரணம்தான் சொல்வார்கள். ஒன்று கோயில், இன்னொன்று புடவை. நான் ஆயுதங்களை எண்ணிவிட்டு வரப் போனேன். சிங்கப்பூரில் எங்கள் வங்கி அப்படித்தான் கேட்டிருந்தது.

நாங்கள் ஏழு பெண்கள். எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், யாரும் ஓய்வாக இல்லை. ஆண்டுதோறும் சமூக மன்றத்தில் முறுக்கும் கறிபஃப்பும் விற்று, சேர்ந்ததை எங்காவது கஷ்டப்படுகிறவர்களுக்கு அனுப்புவோம். போன மழையில் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் ஒரு நெசவாளர் தெரு முழுக்கத் தண்ணீர் புகுந்துவிட்டது. அங்கே குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதித்து நெய்வார்கள். வெள்ளம் வந்தால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். பன்னிரண்டு வீட்டுக் குழிகளை மேடாக்கிக் கட்ட எங்கள் முறுக்குப் பணத்தை அங்குள்ள ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பினோம். அது வங்கி வாசலைத் தாண்டவில்லை. பயங்கரவாதத்துக்கு நிதி போவதைத் தடுக்கும் விதிகளின்படி நிறுத்தி வைத்திருப்பதாகக் கடிதம் வந்தது.

கடிதத்தில் கேள்விகள் இருந்தன. முதல் கேள்வியைத் தமிழில் தருகிறேன். "தாங்கள் உதவும் அறக்கட்டளை வழிபடும் ஆயுதங்களின் வகை, எண்ணிக்கை, இருப்பிடம் ஆகியவற்றைத் தெரிவிக்கவும். வழிபாட்டுக்குப் பின் அவை பயன்படுத்தப்படுகின்றனவா? எனில், எவர்மீது?" உறுப்பினர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து மாத முடிவுக்குள் பதில் தராவிட்டால் பணம் திரும்பும், எங்கள் கணக்கும் மூடப்படும்.

படித்து முடித்ததும் மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னை என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதல் நாள் காலை பதினோரு மணிக்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். வெயில் என்னை அடையாளம் கண்டுகொண்டது. அதற்கு முன்பே ஆட்டோக்காரர் ஒருவர் கண்டுகொண்டார். அறக்கட்டளையின் செயலாளர் ஏகாம்பரம் பெரிய காஞ்சிபுரத்தில் காமாட்சி அம்மன் கோயில் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். விலாசத்தைச் சொன்னேன். "தெரியும், ஏறுங்க மேடம்" என்றார். ஐந்து நிமிடத்தில் வண்டி ஒரு பட்டுக்கடை வாசலில் நின்றது.

"ரெண்டே நிமிசம் மேடம். வாங்கணும்னு இல்ல, சும்மா பாத்துட்டு வந்துடுங்க."

பார்த்துவிட்டு வந்தேன். அடுத்து வண்டி நின்றதும் பட்டுக்கடைதான். எங்கள் ஊரில் டாக்சி ஏறினால் ஓட்டுநர் வாயைத் திறக்கமாட்டார், வண்டி போகிற இடத்துக்குப் போகும். இங்கே வண்டிக்குச் சொந்தமாக விருப்பங்கள் இருந்தன. மூன்றாவது கடை வாசலில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் புடவை வாங்க வரலைங்க. இங்கே ஒரு இடத்துல ஆயுதம் வச்சிருக்காங்களாம், அதைப் பார்க்க வந்தேன்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். அதன்பின் எங்கும் நிற்கவில்லை. மீதிச் சில்லறையைக்கூட கேட்காமலே எண்ணிக் கொடுத்தார்.

ஏகாம்பரத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. "வாங்க மேடம், நாஷ்டா ஆச்சா?" என்றுதான் ஆரம்பித்தார். ஆகவில்லை என்றதும் கடையை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பக்கத்து ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். காஞ்சிபுரம் இட்லி கேட்டேன். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டது, அதைப் பற்றி விமானத்தில் வரும்போதே யோசித்துக்கொண்டு வந்தேன். பரிமாறுகிறவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அதெல்லாம் காலைல ஏழு மணிக்கே தீந்துபோச்சிம்மா. சாதா இட்லி இருக்குது, பூரி இருக்குது" என்றார். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து பூரி சாப்பிட்டேன்.

சாப்பிட்டு வந்து வங்கியின் கடிதத்தை மேசையில் விரித்தேன். அவரிடம் எல்லாம் சரியாக இருந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்க தில்லி தந்த அனுமதி இருந்தது. அதற்கென்று தில்லியில் ஒரு வங்கிக் கணக்கும் இருந்தது. ஓரிக்கைக்கு வர வேண்டிய பணம் தில்லிக்குப் போய்த்தான் வர வேண்டும் என்பது இந்த நாட்டு விதி. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிடிவாதக்காரச் சம்பந்தியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்.

இரண்டாவது கேள்வி அவரைப் பற்றியது. "செயலாளரின் குடும்பப் பெயர் 'குட்' என்று பதிவாகியுள்ளது. இது புனைபெயரா?"

"இன்னா மேடம் இது? ஃபார்ம்ல குடும்பப் பேரு இன்னான்னு கேட்டிருந்தாங்க. எங்க குடும்பத்துக்கு இந்த ஊர்ல நல்ல பேருதான். யார வேணா கேட்டுப் பாருங்க."

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். வருத்தத்தோடே அலமாரியைத் திறந்து, அவர் எங்களுக்கு அனுப்பிய ஆண்டறிக்கையின் தமிழ் மூலத்தை எடுத்து என் முன் வைத்தார். "நாங்க இன்னா எழுதினோம்னு நீங்களே படிங்க. இதுல ஏதாச்சும் தப்பு இருக்குதா?"

அதில் இப்படி இருந்தது. "அலுவலகத்தில் ஆயுத பூஜை கொண்டாடப்பட்டது. பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிக்கப்பட்டது. தொண்டர்களுக்குப் பொரி வழங்கப்பட்டது." இதைவிடச் சாதுவான மூன்று வரிகளை யாரும் எழுத முடியாது.

இதை ஆங்கிலமாக்கி வங்கிக்குக் கொடுத்தது நான். எங்கள் குழுவின் மொழிபெயர்ப்பாளர் பதவியை நானேதான் எடுத்துக்கொண்டேன். நல்ல தடிமனான அகராதி ஒன்று வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து நான் எழுதியதை இப்போது திரும்பத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தலைமையகத்தில் போர்க்கருவி வழிபாடு நடந்தது. தீய பார்வையை முறியடிக்க ஒரு பூசணி தகர்க்கப்பட்டது. படையணியினருக்குப் பொரி விநியோகிக்கப்பட்டது." எழுதிய இரவு எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. மற்ற ஆறு பேரும் ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஏகாம்பரத்திடம் உண்மையைச் சொன்னேன். அவர் அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்தார். பிறகு, "பொரிகூடவா மேடம் உங்களுக்குச் சந்தேகமா தெரிஞ்சிது?" என்று மட்டும் கேட்டார். வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் அறக்கட்டளையின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ஓரிக்கைக்குப் போனேன். என் வயதில் செய்யக்கூடிய காரியம் இல்லை. வழியில் இரண்டு முறை வண்டி நின்றது. இரண்டு முறையும் ஏகாம்பரம் இறங்கி, மிதிக்கட்டையை மிதித்து, "ஆயுத பூஜைல இதுக்கும் மாலை போட்டோம் மேடம், அப்பவும் இப்படித்தான்" என்றார். ஆக, என் கணக்கில் முதல் ஆயுதம் கிடைத்துவிட்டது. ஜெராக்ஸ் இயந்திரம் இரண்டாவது.

வசந்தா அந்தத் தெருவில் மூன்றாவது வீடு. முப்பத்தெட்டு வயது, பேச்சு தறி ஓடுகிற வேகத்தில். தண்ணீர் வடிந்து வாரக்கணக்காகியும் அவர் தறிக் குழிக்குள் தொடையளவு சேறு இருந்தது. சுவர் சரிந்திருந்தது. குழிக்கு மேலே, உத்தரத்து ஆணியில், மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு மூட்டை தொங்கியது.

"அதான்க்கா பாவு. மூணு புடவைக்கு உண்டானது. மொதலாளி குடுத்தது. தறியில ஏத்தத்தான் தறி இல்ல."

பாவு என்பது புடவையின் நீளவாட்டு நூல். அதைப் பட்டு முதலாளி தருவார், நெய்து கொடுத்தால் கூலி. வருகிற வெள்ளியை விட்டு அதற்கு அடுத்த வெள்ளிக்குள் தறியில் ஏற்றாவிட்டால் திரும்ப எடுத்து வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு முறை கைமாறினால் அவர் மறுபடி இந்த வீட்டுக்குப் பாவு தர மாட்டார்.

"போச்சின்னா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிதான். எதுத்த வீட்டுப் பொண்ணு போவுது. காலைல நாலரைக்கு பஸ்ஸு வந்து நின்னுக்கினு ஆரன் அடிக்குது. அந்நேரத்துக்கு நம்பளால எழுந்திரிக்க முடியாதுக்கா." சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் கண் அந்த மஞ்சள் மூட்டைக்குத்தான் போனது. ஒரு அகராதியால் இந்த மூட்டை கைமாறிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது.

வங்கிக்குப் புகைப்படம் வேண்டும் என்றேன். வசந்தா அலுவலகப் பூஜையில் வைத்த தன் ஆயுதங்களை எடுத்துவந்தார். இரண்டுதான். ஒரு கத்தரிக்கோல், ஒரு நாடா. குறுக்குவாட்டு ஊடு நூலை இப்படியும் அப்படியும் எடுத்துக்கொண்டு ஓடுகிற மரக்கட்டைதான் நாடா. படகு மாதிரி இருந்தது, இரண்டு முனையிலும் இரும்புக் கூர். நான் போனைத் தூக்கியதும், "இருங்கக்கா, பொட்டு வெக்காம எப்படி போட்டோ எடுக்கறது?" என்று உள்ளே ஓடிப்போய்க் குங்குமத்தைக் குழைத்து வந்து இரண்டுக்கும் வைத்தார். தாராளமான கை.

"ஆயுதம்னா என்னன்னு கேக்கறாங்க வசந்தா. நான் என்ன எழுதட்டும்?"

"இதுல இன்னாக்கா இருக்குது? எத வெச்சிக்கினு சோறு துன்றமோ அதான் ஆயுதம்."

"அப்போ எங்க ஊர்ல ஸ்பூன்தான் ஆயுதம்."

"அது துன்ற ஆயுதம். நான் சொல்றது சம்பாரிக்கிற ஆயுதம்." இதை என் அகராதியில் பென்சிலால் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அறையில் உட்கார்ந்து படங்களை அனுப்பும்போது எங்கள் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் ஃபாத்திமாவின் நினைவு வந்தது. அவர்கள் குழு போர் நடக்கும் ஓர் ஊருக்குக் குளிர்காலப் போர்வை வாங்கப் பணம் அனுப்பியது. குறிப்பில் அந்த ஊரின் பெயரை எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான். விசாரணை முடிந்து போர்வைகள் போய்ச் சேர்ந்தபோது அங்கே கோடை. பயங்கரவாதிகள் கைக்குப் பணம் போகக்கூடாது, அதில் யாருக்கு என்ன மாற்றுக் கருத்து? ஆனால் பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், முறுக்கு விற்கிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஃபாத்திமா என்னிடம் சொன்னபோது "அடடா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன். இப்போது அது உறுத்தியது.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கே ஓட்டலுக்குப் போய்க் காஞ்சிபுரம் இட்லியைக் கைப்பற்றினேன். மந்தாரை இலையின் வாசனையோடு, மிளகு பல்லில் அகப்பட, மூன்று சாப்பிட்டேன். அந்தத் தெம்பில்தான் பத்து மணிக்கு வங்கி அதிகாரியுடன் காணொளியில் பேச உட்கார்ந்தேன். ஜெராக்ஸ் கடையில், பக்கத்தில் ஏகாம்பரம், வசந்தா.

திரையில் வந்தது இருபத்தெட்டு வயதுப் பெண். பெயர் கவிதா. நெற்றியில் மெல்லிய திருநீறு. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவள் முதலில் ஆங்கிலத்தில் கேட்டாள். "மூன்றாவது படத்தில், அந்தக் கூர்மையான பொருளின் முனையில் இருப்பது இரத்தமா?"

'பிளட்' என்ற ஒரு சொல் போதும், "குங்குமம்!" என்று மூன்று குரல்கள் கத்தின.

கவிதா ஒலிப்பதிவை நிறுத்தினாள். பிறகு எங்கள் ஊர் 'லா' போட்ட தமிழில் பேசினாள். "ஆன்ட்டி, எனக்குத் தெரியாதா? எங்க அப்பா டாக்சிக்கு எலுமிச்சம்பழம் வச்சி பூஜை பண்றவரு. போன வருஷம் நானே இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சேன். ஆனா எனக்குத் தெரியறது ஃபைலுக்குத் தெரியாது லா. எனக்குத் தெரியும்னு எழுதினா, எப்படித் தெரியும்னு என்னையே கேப்பாங்க. வெளியாள் ஒருத்தர் கையெழுத்துப் போட்ட பேப்பர் வேணும். இந்த ஆயுதங்கள் ஆயுதங்கள் இல்லேன்னு."

"ஆயுதம் ஆயுதம் இல்லைன்னா?" என்றார் வசந்தா. "இன்னாம்மா சொல்ற நீ?"

"அக்கா, ப்ளீஸ்" என்றாள் கவிதா. எனக்கு அவளைத் திட்டவும் தோன்றியது, அவளுக்கு ஒரு இட்லி ஊட்டவும் தோன்றியது.

நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டரி வக்கீலைப் பிடித்தோம். தட்டச்சுக்காரரிடம் ஏகாம்பரம் பட்டியலைச் சொன்னார்: நாடா ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று, ஜெராக்ஸ் இயந்திரம் ஒன்று, மொபெட் ஒன்று. வக்கீல் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"ஆயுதம்னு நீங்களே அறிக்கைல போட்டிருக்கீங்க. ஆயுதம் இல்லைன்னு நான் எழுதணும்?"

"ஆமாங்க."

"எழுதிட்டா போச்சி. பூசணிக்காய இன்னா பண்றது?"

"அது உடைஞ்சிபோச்சி சார்" என்றார் ஏகாம்பரம் பணிவாக.

"மேற்படி நான்கு ஆயுதங்களும் ஆயுதங்கள் அல்ல என்று இதனால் உறுதி கூறப்படுகிறது." முத்திரை குத்தினார்கள். இதற்கு ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வேண்டியிருந்தது. மொழிபெயர்க்கும் வேலையை வக்கீலிடமே விட்டுவிட்டேன். இருப்பவர்களில் பாதுகாப்பானவர் அவர்தான்.

நான்காம் நாள் வேலூருக்குக் கிளம்பினேன், சித்தப்பா மகள் வீட்டுக்கு. வசந்தா பேருந்து நிலையத்துக்கே வந்து படத்தில் இருந்த அதே நாடாவை என் கையில் வைத்தார். "இத அந்தப் பொண்ணு கையில குடுங்கக்கா. ஒருவாட்டி தொட்டுப் பாக்கட்டும். எங்கிட்ட இன்னொண்ணு இருக்குது." வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வேலூரில் இருந்த ஒரு வாரமும் விருந்தில் என் மனம் இல்லை. மூன்றாம் நாள் கவிதாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பணம் விடுவிக்கப்பட்டது. கணக்கு மூடப்படாது, ஆனால் கூடுதல் கண்காணிப்பில் இருக்கும். இனி அறிக்கைகளில் அந்தச் சொல்லைத் தவிர்க்கவும். மறுநாள் ஏகாம்பரம் போன் செய்தார். பணம் தில்லிக்கு வந்து, அங்கிருந்து அவர்களிடமும் வந்துவிட்டது. கொத்தனார் முதல் குழியில் இறங்கிவிட்டார். சிமெண்ட் காய வேண்டும், பிறகு பாவு ஏற்ற வேண்டும், இழை இழையாகப் பிணைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன் முடியுமா என்று கேட்டேன். "வெயில் நல்லாதான் அடிக்குது மேடம்" என்றார். அது பதிலா என்று தெரியவில்லை. முதல்முறையாக அந்த வெயிலை வாழ்த்தினேன்.

என் விமானம் அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல். காலையிலிருந்து வசந்தாவுக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மூட்டையை எடுத்துப்போயிருப்பார்கள் என்று ஒரு மனம் சொன்னது. வேறு எதையும் சொல்ல இன்னொரு மனம் இல்லை.

சென்னை விமான நிலையத்துப் பாதுகாப்புச் சோதனையில் என் கைப்பை தனியாக ஒதுங்கியது. அதிகாரியான பெண்மணி உள்ளே கைவிட்டு நாடாவை எடுத்து, இரும்பு முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். குங்குமம் இன்னும் இருந்தது.

"இது என்னம்மா?"

பத்து நாளாக இந்தக் கேள்விக்குத்தான் பயிற்சி எடுத்திருந்தேன். நோட்டரி கடிதத்தைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். முத்திரை, கையெழுத்து, நாடா ஒன்று, ஆயுதம் அல்ல. அவர் பொறுமையாக முழுவதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அது சரிம்மா. ஆனா கூரா இருக்குதே. ஆயுதம் மாதிரி எதுவும் உள்ளே போகக்கூடாது." சிகரெட் லைட்டர்களும் நகவெட்டிகளும் கிடந்த ஒரு தட்டில் நாடாவை வைத்தார். பெட்டி ஏற்கெனவே போய்விட்டது, கெஞ்சியும் பயனில்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு. ஒரு மரக்கட்டைக்கு அழுவதைப் பார்த்து அவரே நாற்காலி காட்டினார்.

உட்கார்ந்து ஐந்தாவது முறையாக வசந்தாவை அழைத்தேன். இந்த முறை எடுத்தார். ஹலோ வருவதற்கு முன்பே ஒரு சத்தம் வந்தது. டடக், டடக். நின்றது. மறுபடி டடக்.

"சொல்லுங்கக்கா! காலைலேர்ந்து போன் அடிச்சிக்கினே இருக்குது, கை வேலையா இருந்தேன். மொதலாளி வந்து பாத்துட்டு, சரின்னு போய்ட்டாரு."

நல்ல செய்தி சொன்னவரிடம் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தது. கடிதத்தைக் காட்டியும் அவர் கொடுத்த நாடாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், ஆயுதம் என்கிறார்கள் என்றேன்.

வசந்தா தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "உட்டுடுங்கக்கா. அவங்களுக்காச்சும் தெரிஞ்சிருக்குதே, அது ஆயுதம்னு."